முதுகில் இரண்டு பெயர்கள்

பாபநாசம் கோயிலுக்கு முன்னால் போட்டிருந்த சின்ன மேடையில் டாக்டர் அம்மையப்பன் ஏறி, மைக்கை வாங்கி, "ஒங்க முதுகுல யாரு பேரை எழுதியிருக்கியளோ, அந்தப் பிள்ளைக்காக ஒரு தடவை கையத் தட்டுங்க" என்று சொன்னபோது, தாணுமாலையன் குனிந்து ஷூ கயிற்றை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அறுநூறு பேர் கைதட்டிய சத்தத்தில் கோபுரத்திலிருந்த புறாக்கள் கிளம்பி, ஆற்றுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தன. தை மாதத்துப் பனி மலையை இடுப்புவரை மறைத்திருந்தது. அவன் கயிற்றை இழுத்த இழுப்பில் பாதத்தின் மேலெலும்பு வலித்தது. கட்டி முடித்த பிறகும் அவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். இப்போதே பார்த்துவிட்டால், இத்தனை நாள் சேர்த்துவைத்திருப்பது இந்த இடத்திலேயே கொட்டிப்போகும் என்று தோன்றியது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பணம் திரட்டுகிற மாரத்தான் அது. பாபநாசத்தில் கிளம்பி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி, திருநெல்வேலிக்கு முன்னால் பேட்டையில் முடியும். ஓடுகிற ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்டு வாங்கிக் கட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரு மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார்கள். அதன் முதுகில் மேலே 'நான் ஓடுவது' என்றும் கீழே '-க்காக' என்றும் அச்சடித்து, நடுவில் பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். பதிவு செய்கிற மேசையில் ஒரு டம்ளருக்குள் கறுப்பு மார்க்கர் பேனாக்கள் நின்றன. வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண், எழுதுவதற்காகத் தோழியிடம் முதுகைக் காட்டியபடி, கூசுகிறது என்று சிரித்தாள். தாணுமாலையன் பேனாவைத் தொடவில்லை.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவனுடைய ஒரே மகள் விஜயஸ்ரீ மூன்று வருடங்களுக்கு முன்னால் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். பத்து வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு வந்து போனவர்கள் பேசிய பேச்சுக்களில் எதையும் அவன் இன்னும் மன்னிக்கவில்லை. ஒருத்தி, கடவுளுக்குப் பிடித்துப்போய்த்தான் கூட்டிக்கொண்டார் என்றாள். தலைமையாசிரியர், பிள்ளை கடைசிவரை போராடினாள் என்றார். போராடுவதற்கு அது என்ன போட்டியா, அப்படியானால் என் மகள் தோற்றுப்போனாளா என்று அவன் கேட்டதில் ஆசிரியர் அறையே அமைதியாகிவிட்டது. அதிலிருந்து யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததற்காகவும் அவன் அவர்கள்மேல் கோபமாக இருந்தான்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் காலையில் எழுந்து ஓட ஆரம்பித்தான். மேலப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் ரசீத் நான்குவழிச் சாலை ஓரமாகத் தினமும் ஓடுகிறவர். ஒரு நாள் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, இப்படி ரோட்டை மிதித்து ஓடினால் ஆறு மாதத்தில் முழங்கால் போய்விடும் என்று சொல்லி, கூடச் சேர்த்துக்கொண்டார். ஏன் ஓடுகிறீர்கள் என்று ஒருபோதும் கேட்காததால் தாணுமாலையனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மாரத்தானெல்லாம் அவன் நினைப்பிலேயே இருந்ததில்லை. போன கார்த்திகையில் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் 'வழிநடத்தி ஓடுபவர்: குழந்தைநல மருத்துவர் அம்மையப்பன்' என்ற வரியைப் படித்தான். அன்று மத்தியானமே பெயர் கொடுத்துவிட்டான்.

அந்த டாக்டரைப் பற்றிய கதையை அவன் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. சொல்லச் சொல்ல அது கூர்மையாகிக்கொண்டே வந்திருந்தது. விஜிக்கு எட்டு வயதில் வலது முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. அம்மையப்பனிடம்தான் காட்டினார்கள். அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்து, வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலிதான் என்று சொல்லிக் கால்சியம் மருந்து எழுதினார். மறுபடி போனபோது அதே மருந்தில் இன்னொரு பாட்டில். மூன்றாவது தடவை அவன் மனைவி சித்ரலேகா, பிள்ளைக்கு முகம் வெளுத்துக் கிடக்கிறது, அடிக்கடி உடம்பு சுடுகிறது என்று சொன்னாள். அதற்கு இரும்புச்சத்து டானிக்கும், பிள்ளை கையில் ஒரு ஆரஞ்சு மிட்டாயும். பத்து வாரம் அப்படிப் போயிற்று. பிறகு வேறொரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அந்த அம்மாள் விஜியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்; உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள். மறுநாள் மாலை திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அங்கே கிட்டத்தட்ட இரண்டு வருடம். நடுவில் சரியாகிவிட்டது என்றார்கள். பிறகு திரும்பி வந்துவிட்டது என்றார்கள். "ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி," என்று கதையை எப்போதும் முடிப்பான் தாணுமாலையன். "ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கதுக்கு எந்த விஞ்ஞானி வே வரணும்?"

முந்தின நாள் சாயந்திரம் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, சித்ரலேகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அந்த மனிதர்கூட ஓடி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். கேட்கப் போகிறேன், முகத்துக்கு நேராகக் கேட்கப் போகிறேன் என்றான். அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

விசில் ஊதினார்கள். கூட்டம் இறக்கத்தில் உருண்டு விக்கிரமசிங்கபுரத்தைப் பார்த்துப் போனது. முழங்கால் வீக்கத்தால் ரசீத் இந்தத் தடவை ஓடவில்லை. பின்சீட்டில் தண்ணீர்ப் பாட்டில்களையும் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயையும் கட்டிக்கொண்டு பைக்கில் வந்தார். அவன் பக்கத்தில் வந்து வண்டியை உருட்டியபடி முகத்தைப் பார்த்தார்.

"சாரே, இது ஓட வந்த மூஞ்சி இல்லையே. யாரையோ அடிக்கப் போற மூஞ்சில்லா இருக்கு."

தாணுமாலையனின் கண் முன்னால் ஓடுகிற டாக்டர்மேலேயே இருந்தது.

"அவரு வயசான ஆளு. அத மட்டும் நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ரசீத் முன்னால் போய்விட்டார்.

டாக்டருக்கு அறுபத்தொரு வயது. ஒல்லியான உடம்பு. அவசரமில்லாமல், காலைத் தரையிலிருந்து அதிகம் தூக்காமல், ஒரே கதியில் ஓடினார். இளவட்டங்கள் அவரைத் தாண்டிப் போகும்போது கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். தாணுமாலையன் அவருக்கு முப்பது அடி பின்னாலேயே ஓடினான். முதல் பத்து கிலோமீட்டரும் அவன் பார்த்துக்கொண்டு வந்தது அந்த முதுகைத்தான். மற்றவர்கள் ஒரு பெயர் எழுதியிருந்த இடத்தில் அவர் இரண்டு எழுதியிருந்தார். மகேஷ். ஃபிளோரா. யார் இந்த இரண்டு பேரும்? காப்பாற்றிய பிள்ளைகளாக இருக்கும். பத்திரிகைக்காரர்களிடம் காட்டுவதற்கு இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து முதுகில் பதக்கம்போல மாட்டிக்கொண்டு ஓடுகிறார். வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்ட ஒட்ட எழுத்துக்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. அம்பாசமுத்திரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ரோட்டோரம் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் காகிதக் கொடியை ஆட்டியபோது டாக்டர் ஓரமாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தட்டிக்கொண்டே ஓடினார். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிற பிள்ளைகள். தாணுமாலையனுக்கும் சில பிள்ளைகள் கையை நீட்டின. அவன் ரோட்டின் நடுவுக்கு விலகி ஓடினான்.

கல்லிடைக்குறிச்சிப் பாலத்தின் மேல் வெயில் வந்தது. கீழே தாமிரபரணி பாறைகளுக்கு நடுவே பிரிந்து பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது. பாலம் முடிகிற இடத்தில் தாணுமாலையன் எட்டிப் போட்டு டாக்டரின் பக்கத்தில் வந்து சேர்ந்தான்.

டாக்டர் திரும்பிப் பார்க்காமலேயே பேசினார். முதல் மாரத்தானா என்று கேட்டார். மூச்சுச் சத்தம் பின்னாலிருந்தே கேட்கிறது, பாதிகூட வரவில்லை, பையப் பைய ஓடுங்கள் என்றார். அந்த அக்கறை தாணுமாலையனுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. என்ன கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் தொடங்க வேண்டும் என்று மூன்று வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வாயில் வந்தது வேறாக இருந்தது.

"டாக்டர், ஒரு சந்தேகம். சின்னப் பிள்ளைக்குக் காலு வலிக்குன்னா என்னவா இருக்கும்?"

டாக்டர் சிரித்தார். "ஓடும்போதும் விட மாட்டேங்கியளே. ஒங்க பிள்ளைக்கா? எத்தன வயசு?"

"எட்டு. பொம்பளப் பிள்ள."

"ராத்திரி மட்டும் வலிக்கா, எந்நேரமுமா?"

"எந்நேரமும்."

"ரெண்டு காலுமா?"

"ஒரு காலுதான். முழங்காலுக்குக் கீழ."

டாக்டரின் கதி குறைந்தது. காய்ச்சல் உண்டா என்றார். விட்டு விட்டு வருகிறது என்றான். முகம் வெளுத்திருக்கிறதா, உடம்பில் எங்கேயாவது அடிபடாமலே நீலம் பாய்ந்திருக்கிறதா என்றார். இருக்கிறது, தொடையில் இரண்டு இடத்தில் இருக்கிறது என்றான். டாக்டர் இப்போது அவன் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"இன்னைக்கே ரத்தம் எடுத்துருங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. பயங்காட்டுததுக்குச் சொல்லலை. வீட்டுல யாரு இருக்கா? இப்பவே போனப் போட்டுச் சொல்லிருங்க."

எல்லாமே சரியான கேள்விகள். ஒன்றைக்கூட விடவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, விஜி காலைத் தொங்கப்போட்டபடி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, இதில் ஒன்றைக் கேட்டிருந்தால் போதும்.

"இத அன்னைக்கு ஏன் கேக்கலை?" என்றான். "மூணு தடவை வந்தோம். மூணு தடவையும் வளர்ற வலின்னிய. மிட்டாய் குடுத்திய. இப்ப அவளுக்கு வலியும் கெடையாது, வளர்ச்சியும் கெடையாது. செத்துப்போயி மூணு வருசம் ஆச்சு."

ஓடிக்கொண்டேதான் சொன்னான். டாக்டரும் நிற்கவில்லை. இருவருடைய காலடியும் தாரில் மாறி மாறி விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது. ரோட்டின் இருபுறமும் பிசான நெல் கதிர் வாங்கி நின்றது. ஒரு கொக்குக்கூட்டம் வயலைவிட்டு எழுந்து அடுத்த வயலில் இறங்கியது.

"பிள்ள பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

"ஞாபகம் இல்லையா?"

"இல்ல." அவர் தயங்கவே இல்லை. "இருக்குன்னு பொய் சொல்லலாம். இல்ல."

அவர் மறுப்பார், சாக்குச் சொல்லுவார், ஒரு நாளைக்கு எண்பது பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்பார், அப்போது அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் தாணுமாலையன் காத்திருந்தான். அவர் மறுக்கவில்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என் முதுகுல ரெண்டு பேரு எழுதியிருக்கு, பாத்திருப்பிய. நான் கவனிக்காம விட்ட பிள்ளைக. அவங்க அப்பா அம்மா திரும்பி வந்து என்னைய ஏசுனதுனாலதான் எனக்கே தெரியும். அதுக்குப் பெறகுதான் கேள்வியெல்லாம் கேக்கேன். ஓடவும் செய்யுதேன். ரெண்டு பேருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"மூணு" என்றான் தாணுமாலையன்.

"மூணு" என்றார் அவர்.

அது அவனைச் சமாதானப்படுத்தவில்லை. இன்னும் ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதர் ஒரு கல்லாக இருந்திருக்கக் கூடாதா. அடிப்பதற்காகக் கையை ஓங்கிக்கொண்டு வந்தவனிடம் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே இரண்டு அடி வாங்கியிருக்கிறேன் என்கிறார். அப்படியானால் மகேஷுக்கும் ஃபிளோராவுக்கும் பிறகு வந்தவளா விஜி, முன்னால் வந்தவளா? பிறகு என்றால் இவர் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. முன்னால் என்றால் அவன் போய் ஏசாததால்தான் அடுத்த இரண்டும் போயிற்றா? அன்றைக்கே போய் மேசையைப் புரட்டியிருக்க வேண்டும். ஊரெல்லாம் சொன்னானே தவிர இவரிடம் சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததும் அதை அங்கேயே மிதித்துவிட்டு ஓடினான்.

சேரன்மகாதேவி போனதும் யாரிடமாவது ஒரு பேனா வாங்கிக்கொள்கிறேன், பேரை மட்டும் சொல்லுங்கள் என்று டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"எழுதக் கூடாது" என்றான் தாணுமாலையன். "என் பிள்ள பேரு ஒங்க முதுகுல ஓடக் கூடாது. ஒங்க பழைய நோட்டுல இருக்கும். மூணு தடவை வந்திருக்கோம். தேடிக் கண்டுபிடிச்சுக்கிடுங்க."

டாக்டர் சரி என்று தலையை ஆட்டினார். அதற்குப் பிறகும் இருவரும் பிரியவில்லை. தாணுமாலையனுக்கு அவரைத் தாண்டிப் போகவும் முடியவில்லை, விட்டுப் பின்தங்கவும் மனமில்லை. வீரவநல்லூரில் ரசீத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பைக்கை மெதுவாகப் பின்னால் ஓட்டி வந்தார். ஊருக்குள் யாரோ, "சூப்பர் அண்ணாச்சி, அப்பாவும் மவனும் சேந்தே ஓடுதிய" என்று கத்தினார்கள். தாணுமாலையன் பல்லைக் கடித்தான்.

ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் இருக்கும். கன்னடியன் கால்வாய் ரோட்டை ஒட்டி வருகிற இடம். டாக்டரின் வலது கால் திடீரென்று மடங்கியது. இரண்டு எட்டு நொண்டி, ஓரத்தில் இருந்த மதகுச் சுவரைப் பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் சதை கல்லாகத் திரண்டு நின்றது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

தாணுமாலையன் அவர் முன்னால் போய் நின்றான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவருடைய கையைப் பிடித்து இழுத்தான்.

"எந்திரியும் வே," என்றான். "என்னத்துக்கு இங்கன உக்காந்து நடிக்கீரு? எந்திச்சு ஓடும்."

பின்னால் ரசீத் வண்டியை நிறுத்தி, சாரே சாரே என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் வியர்வை, கண் சிறுத்துப்போயிருந்தது.

"நடிக்கலை தம்பி. நெசமாவே வலிக்கி."

தாணுமாலையனின் பிடி அப்படியே நின்றுவிட்டது. அவன் ஊரில் சொல்லிக்கொண்டு வந்த கதையில் ஒரு நாள் மட்டும் இருக்காது. எத்தனை தடவை சொன்னாலும், எத்தனை பேரிடம் சொன்னாலும், மூன்றாவது தடவை மிட்டாய் கொடுத்ததிலிருந்து டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தது வரைக்கும் கதை ஒரே தாவலாகத் தாவிவிடும். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது. விஜி அவன் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயேதான் படித்தாள். விளையாட்டு வாத்தியார் ஆசிரியர் அறைக்கு வந்து, உங்கள் மகள் ஒரு மாதமாகக் கால் வலி என்று சொல்லி மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் சார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மற்ற வாத்தியார்கள் சிரித்தார்கள். பதினாறு வருடம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டு, வயிற்று வலியையும் தலைவலியையும் முகத்தைப் பார்த்தே தரம் பிரிக்கத் தெரிந்தவன் என்று பேர் வாங்கியவன் அவன். பள்ளிக்கூடம் விட்டதும் அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டரே ஒன்றும் இல்லை என்று சொல்லியாயிற்று. "நடிக்காத ஏட்டி. ஓடு" என்றான். வலிக்குப்பா என்று ஒரு தடவை சொன்னாள். ஓடு என்றான். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பு ஷூவும் வெள்ளைக் காலுறையும் போட்டுக்கொண்டு, வலது காலைப் பாதி வைத்தும் வைக்காமலும், மைதானத்தைச் சுற்றி ஓடினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். அழுதிருந்தால் நிறுத்தியிருப்பான் என்று பின்னால் பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் அழவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் அவன் முதுகில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். சட்டை வழியாக அவள் நெற்றி சுட்டது. வெயிலில் ஓடியதால் என்று நினைத்தான்.

பிடித்த கையை விட்டான். குனிந்து, டாக்டரின் ஷூவைக் குதிகாலோடு ஒரு கையில் பற்றி, மறு கையால் விரல் பக்கத்தை அவர் முழங்காலை நோக்கி அழுத்தினான். சதைப் பிடிப்புக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்று ரசீத்தான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார். மெதுவாகச் செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அவன் மெதுவாகச் செய்யவில்லை. டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரை இறுகப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகுவது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. முழுதாக இளகியதும் காலை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தான். ரசீத் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாரே, நீங்க போங்க. நான் பாத்துக்கிடுதேன். நேரம் போகுது."

தாணுமாலையன் ரோட்டுக்குத் திரும்பவில்லை. சரிவில் இறங்கிக் கால்வாய்ப் படித்துறைக்குப் போனான். ஒரு பொம்பளை குத்துக்கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எண் ஒட்டிய பனியனோடு வந்து நிற்கிறவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, படியில் பரத்தியிருந்த துணியைச் சுருட்டி எடுத்து இடம் விட்டாள். அவன் ஷூவைக் கழற்றாமல் அப்படியே தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்தான். இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தான். சித்ரலேகா இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

கேட்டாச்சா என்றாள். கேட்டுவிட்டேன் என்றான். அவருக்கு ஞாபகமே இல்லை என்றான். அவனுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"சித்ரா, ரத்தம் எடுக்கதுக்கு முந்தின வாரம் அவள கிரவுண்டுல ஓட விட்டேன். நடிக்கான்னு சொல்லி ஓட விட்டேன். மூணு ரவுண்டு."

"நாலு" என்றாள் சித்ரலேகா.

"என்னது?"

"நாலு ரவுண்டு. அன்னைக்கே சொல்லிட்டா. மேலுக்குத் தண்ணி ஊத்தும்போது சொன்னா."

"மூணுதான்."

"நீங்க நின்னுக்கிட்டு இருந்திய. அவ எண்ணிக்கிட்டு ஓடுனா." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடுப்பைத் துடைக்கிறபோது பேசுகிற அதே குரல்.

தெரிந்திருந்தும் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்று அவன் கேட்டான். கேட்கும்போதே தன் குரலில் கோபம் இருப்பது தெரிந்தது. அவள்மேல் கோபப்பட இந்த உலகத்தில் ஒரு காரணமும் இல்லை என்பதும் தெரிந்தது.

"நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன்" என்றாள். "அஞ்சு வருசமா டாக்டரைப் பத்தி வாரவங்க போறவங்க எல்லார்ட்டயும் சொன்னிய. ஒவ்வொரு தடவையும் பக்கத்துலதான நின்னேன். இந்தத் தடவை சொல்லிருவிய, இந்தத் தடவை சொல்லிருவியன்னு நின்னேன். காப்பித் தம்ளரத் தூக்கி மூஞ்சியில எறியணும் போல இருக்கும். தம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிருவேன்."

பேசுவதற்கு இருந்த எல்லா வார்த்தைகளையும் அவன் டாக்டருக்காகச் சேர்த்து வைத்திருந்தான். இப்போது எடுத்துப் பார்த்தால் அவை எல்லாமே அவனைக் கேட்க அவளிடம் ஏற்கெனவே இருந்தவை. அவள் அவற்றை ஒரு நாள்கூட ஊரில் போய்ச் சொல்லவில்லை. மேலே ரோட்டில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டே ஓடிப் போனார்கள். ரசீத் பைக்கைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. அது நகராமல் அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்க நிக்கிய?" என்று சித்ரலேகா கேட்டாள்.

வீரவநல்லூர் தாண்டி வாய்க்கால் படித்துறையில் என்றான். அவள் சரி என்று சொல்லவில்லை. வைத்துவிடுகிறேன் என்றும் சொல்லவில்லை. போனைக் காதிலேயே வைத்திருக்கிறாளா, எங்கேயாவது வைத்துவிட்டுப் போய்விட்டாளா என்று தெரியவில்லை. அவன் காதை அழுத்திக்கொண்டு கேட்டான். அவர்கள் வீட்டுச் சத்தம் ஏதோ ஒன்று லேசாகக் கேட்டது, என்னவென்று பிடிபடவில்லை. துணி துவைக்கிற பொம்பளை கையை நிறுத்திவிட்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான். சோப்பு நுரை மெதுவாக வந்து அவன் கணுக்காலில் முட்டி, இரண்டாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் கால் இரண்டும், ஓட்டம் நின்று இவ்வளவு நேரமாகியும், அவனைக் கேட்காமல் துடித்துக்கொண்டே இருந்தன.